தாத்தா சொன்னதும் ஆதாரம்தான்

கேள்வி: காவிரி டெல்டாவின் வாய்க்கால், குளம், மதகுகளை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைகிற சிறு குழு எங்களுடையது. ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைவோம். சென்ற மாதம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவர் புதிதாகக் கணக்குத் தொடங்கினார். நாங்கள் பாசன வாய்க்கால் என்று போட்டிருந்த ஒன்றை வடிகால் என்று மாற்றினார். நீரோட்டத் திசையையும் திருப்பினார். குறிப்பில் 'தாத்தா சொன்னபடி மாற்றினேன்' என்று எழுதியிருந்தார். அந்த மாற்றத்தில் பக்கத்து ரோடு ஒன்றும் இழுபட்டுக் கோணலாகிவிட்டது. எங்கள் மூத்தவர் மொத்தத்தையும் ரிவர்ட் செய்துவிட்டு (பழைய நிலைக்கே திருப்பிவிட்டு), 'தாத்தா சொன்னார் என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. விவரம் தெரியாமல் கை வைக்காதீர்கள்' என்று பதில் போட்டார். அந்தப் பெண் அப்புறம் வரவே இல்லை. பிறகு விசாரித்தால், அவருடைய தாத்தா பொதுப்பணித்துறையில் மதகுகளைத் திறந்து மூடிக் கரையைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்றவராம். எனக்கு மனசே சரியில்லை. மூத்தவரோ, 'வருகிறவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தால் தரம் போய்விடும், ஒரு தேர்வு வைத்துத்தான் சேர்க்க வேண்டும்' என்கிறார். தரம் முக்கியமா, ஆள் முக்கியமா? அந்தப் பெண்ணைத் திரும்ப அழைக்கலாமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

வரைபடத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை என்பதால் முதலில் விதியைப் பேசிவிடுகிறேன். உங்கள் மூத்தவர் சொன்னது கடுமையாக இருந்தது என்று வருத்தப்படுகிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது: அவர் சொன்னது தவறு.

'தாத்தா சொன்னார்' என்பது விக்கிப்பீடியாவில் ஆதாரம் ஆகாது. அங்கே எழுதுகிற எதற்கும் ஏற்கெனவே வெளியான, பிறர் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய நூலோ செய்தியோ ஆய்வோ வேண்டும். சொந்த அனுபவம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அங்கே சேராது. கலைக்களஞ்சியத்துக்கு அந்த விதி சரி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பிறந்த கதையே வேறு. 2004-ல் பிரிட்டனில் அது தொடங்கியபோது, காசு கொடுத்து உரிமம் வாங்காமல் அந்த நாட்டு வரைபடத் தகவலைப் பயன்படுத்த முடியாத நிலை. அதனால் ஜிபிஎஸ் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தும் சைக்கிளில் போயும் வரைந்தார்கள். அந்த இடத்துக்குப் போனவர், அங்கே வாழ்கிறவர் சொல்வதே அங்கே முதல் ஆதாரம். இன்றைக்கும் மாற்றத்தைச் சேமிக்கும்போது மூலம் என்ன என்று கேட்கிற கட்டத்தில், நேரில் பார்த்தது, உள்ளூர் அறிவு என்ற இரண்டும் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும். அந்த மாணவி எழுதிய குறிப்பு, அந்தத் தளத்தின் முறைப்படி ஒழுங்கான மூலக்குறிப்பு. எங்கிருந்து தெரிந்துகொண்டேன் என்று அவர் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். பழைய கைகள் பலரும் 'அப்டேட்' என்ற ஒரே சொல்லோடு மாற்றத்தைச் சேமித்துவிட்டுப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இப்போது அந்த வாய்க்காலுக்கு வருவோம். மேலேயிருந்து எடுத்த படத்தில் பாசன வாய்க்காலும் வடிகாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டு பக்கமும் கரை, நடுவில் பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு. நிலமோ கடலை நோக்கித் தெரியாத அளவுக்குச் சரிந்த தட்டை நிலம். எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிற இடத்தில் குழப்பம் இல்லை. அதற்குக் கீழே வெண்ணாற்றுப் பகுதியில் பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வளவனாறு என்று போகப்போகத்தான் சிக்கல். மேலே பாசனம் கொடுக்கிற ஆறே கீழே வடிகாலாகவும் வேலை செய்யும். ஜூன் மாதம் மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்போது ஒரு நிலைமை, ஐப்பசி கார்த்திகை மழையில் வயல் நீர் வடியும்போது வேறொரு நிலைமை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஆறு, வாய்க்கால் கோடுகளை நீர் போகிற திசையில்தான் வரைய வேண்டும். கோட்டின் திசையைத்தான் கணினி நீரோட்டத் திசையாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் இரவில் சென்னையிலோ திருச்சியிலோ உட்கார்ந்து வரைந்த கோட்டுக்கு ஏதோ ஒரு திசை அமைந்திருக்கும். அது சரியா என்று சொல்லக்கூடியவர் யார்? எந்தச் சட்ரஸை (மதகுக் கதவை) எப்போது எவ்வளவு திறப்பது, எந்த மடையில் தண்ணீர் ஏறும், எதில் ஏறாது, மழைக்காலத்தில் எந்தக் கரை முதலில் உடையும் என்று வேலைக்காலம் முழுக்கக் கரையிலேயே நடந்து தெரிந்துகொண்ட ஒரு லஸ்கர் சொல்லலாம். அவர் சொன்னதை உங்கள் குழு திருப்பி அனுப்பிவிட்டது.

அதனால்தான் 'தரமா, ஆளா' என்ற உங்கள் கேள்வியை நான் ஏற்கவில்லை. இந்த வேலையில் ஆள் போனால் தரமும் கூடவே போகிறது. வடிகாலைப் பாசன வாய்க்கால் என்று போட்டது சாதாரணப் பிழையும் இல்லை. வெள்ளக் காலத்தில் உதவிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் இந்த வரைபடத்தைத்தான் திறந்து பார்ப்பார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்துக் கொடுத்தது இந்த வரைபடத்தின் மேல்தான்.

சரி, ரோடு கோணலானதே என்று கேட்பீர்கள். அதையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வாய்க்கால் கோட்டை நகர்த்தினால் ரோடும் சேர்ந்து ஏன் நகர வேண்டும்? இரண்டும் ஒரே புள்ளியில் ஒட்டியிருந்தால்தான் அப்படி ஆகும். ரோடு வாய்க்காலைக் கடக்கிற இடத்தில் பாலமோ குழாய்ப் பாலமோ தனியாகக் காட்டியிருந்தால் ஒட்டியிருக்காது. அதாவது, அவர் வருவதற்கு முன்பே அங்கே ஒரு பிழை இருந்திருக்க வேண்டும். புதியவர் கை பட்டதும் அது வெளியே தெரிந்தது. அந்தக் கோடுகளின் பழைய வரலாற்றைத் திறந்தால் ஒட்டியது யார் என்று காட்டும். உங்கள் குழுவில் ஒருவராகவே இருக்கலாம். அவரைப் பிடித்து நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மாற்றத்தை முழுவதும் ரிவர்ட் செய்வதற்கு முன்னால் வரலாற்றைத் திறந்து பார்க்கிற பழக்கம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சேஞ்ச்செட்டில், அதாவது அவர் ஒரே தடவையில் சேமித்த மாற்றத் தொகுப்பில், மூன்று காரியங்கள் நடந்திருக்கின்றன. வகை மாறியது, திசை மாறியது, ரோடு இழுபட்டது. முதல் இரண்டும் அவர் வேண்டுமென்றே செய்தவை, சரியாகவும் இருக்கக்கூடியவை. மூன்றாவது கை தவறி நடந்தது. இந்த வரைபடத்தைத் தொகுக்க உதவும் ஜோசம் மென்பொருளின் ரிவர்ட்டர் செருகுநிரலில் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் வசதி இருக்கிறது. ரோட்டை மட்டும் சரிசெய்திருக்கலாம். மொத்தத்தையும் அழிப்பதுதான் ரிவர்ட் என்று நினைப்பது அனுபவசாலிக்கு அழகில்லை.

ரோட்டைச் சரிசெய்த கையோடு அவருக்கு என்ன எழுதியிருக்கலாம்? நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

'வணக்கம். உங்கள் ஊர் வாய்க்காலைத் திருத்தியதற்கு நன்றி. நாங்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தது, நேரில் வந்ததில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன்: வருஷம் முழுக்க அது வடிகாலாகத்தான் இருக்கிறதா, இல்லை சாகுபடிக் காலத்தில் அதிலிருந்து வயலுக்குப் பாய்கிறதா? தாத்தாவிடம் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும். திருத்தும்போது பக்கத்து ரோடு கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதை மட்டும் சரிசெய்துவிட்டேன், எல்லோருக்கும் நடப்பதுதான். மற்றபடி உங்கள் மாற்றங்கள் அப்படியே இருக்கின்றன.'

இதில் குழைவு எதுவும் இல்லை. தவறு நடந்ததும் சொல்லப்பட்டிருக்கிறது, சந்தேகமும் கேட்கப்பட்டிருக்கிறது. 'இனிக்க இனிக்க எழுதினால் பொறுப்பு வராது' என்று மூத்தவர் சொல்லக்கூடும். பதில் சொல்லியாக வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்பதைவிடப் பொறுப்பைக் கொடுக்கிற வழி எனக்குத் தெரியாது. கேட்பதே தரச் சோதனையும்தான். தாத்தாவின் பதில் வந்தால் உங்களுக்கு இப்போது இருப்பதைவிட நல்ல தகவல் கிடைக்கும். பதில் குழப்பமாக இருந்தால் அதற்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒரு கிராமத்து வாய்க்கால் நான்கு நாள் வடிகால் என்று காட்டப்பட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இந்த மாதிரித் தளங்களில் பயனர் பெயருக்குப் பின்னால் இருப்பது பதினெட்டு வயதா அறுபத்தெட்டு வயதா என்று தெரியாது. ஆகவே எல்லோரும் 'நீங்கள்'தான். சேஞ்ச்செட்டின் கீழ் எழுதுகிற பதில் ஊரறிய நிற்கும், அவருடைய மின்னஞ்சலுக்கும் போகும். முதல் நாள் வாங்கிய திட்டு மின்னஞ்சல் பெட்டியில் கிடக்கும் என்பதை யோசித்து எழுதுங்கள். நேரில் பேசினால் குரலிலும் முகத்திலும் பாதிக் கடுமை கரைந்துவிடும். எழுத்தில் அது அப்படியே உறைந்து நிற்கிறது.

நம் பகுதிக்கென்றே ஒரு எச்சரிக்கை. புதியவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். வரைபட வேலைக்கு அது தேவை. எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காதீர்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் அந்தக் கேள்வி எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அந்த ஒரு கேள்வியாலேயே ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. அதேபோல, புதியவர் பெண் என்று தெரிந்ததும் தனிச்செய்தியில் போன் நம்பர் கேட்பது, வாட்ஸ்அப் குழுவில் கேட்காமலே சேர்த்துவிடுவது, இரண்டும் வேண்டாம். உதவி செய்கிற எண்ணத்தில்தான் செய்கிறார்கள் என்றாலும் வேண்டாம். பேச்சு எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே நடக்கட்டும்.

ஆள் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஆங்கில விக்கிப்பீடியா. 2007 வரை அங்கே தொடர்ந்து தொகுப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, அதன் பிறகு வருஷக்கணக்கில் இறங்கியது. ஆரன் ஹாஃப்பேக்கரும் உடன் மூவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கான காரணத்தை அலசியது. விஷமத் தொகுப்புகளைத் தடுக்கக் கொண்டுவந்த கருவிகளும் இறுகிப்போன விதிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டன என்பது அதன் சாரம். தொடக்கத்திலேயே நிராகரிக்கப்பட்ட புதியவர்கள் தங்குவது குறைந்தது. புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்ற வழிகாட்டுதல் அங்கே ஏட்டில் இருக்கத்தான் செய்தது. 2012-ல் புதியவர்கள் தயங்காமல் கேட்பதற்கென்றே தேநீர்க்கடை என்ற பெயரில் ஒரு பக்கத்தைத் திறந்தார்கள். நம் தமிழ் விக்கிப்பீடியாவில் பொது உரையாடலுக்கு ஆலமரத்தடியும் உதவி கேட்க ஒத்தாசைப் பக்கமும் இருக்கின்றன. பெல்ஜியத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழுவினர், தங்கள் நாட்டில் முதன்முதலாகத் தொகுப்பவருக்கு வரவேற்பு எழுதுவதற்கென்றே ஒரு கருவி செய்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மூத்தவர் பக்கமும் பேச வேண்டும். அவரைக் கெட்டவர் என்று நினைக்க எனக்குக் காரணம் இல்லை. ராத்திரி ராத்திரியாக வரைந்ததை யாரோ ஒருவர் கலைத்துவிட்டுப் போனால் வயிறு எரியத்தான் செய்யும். கடை விளம்பரத்தை ஊர்ப் பெயராகப் போடுகிறவர், கூகுள் மேப்பைப் பார்த்து அப்படியே நகலெடுக்கிறவர் என்று பலரைப் பார்த்துச் சலித்திருப்பார். இந்த இடங்களில் அவர் கண்டிப்பாக இருக்கத்தான் வேண்டும். கூகுள் மேப்பிலிருந்து எடுத்தது உரிமப் பிரச்சினை, அதை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்க முடியாது, உடனே நீக்க வேண்டும். நீக்கிவிட்டு ஏன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது கூடாது என்பதே தெரியாது. தெரியாதவர் யார், தெரிந்தே செய்கிறவர் யார் என்பது முதல் மாற்றத்தில் தெரியாது, இரண்டாவது மூன்றாவதில்தான் தெரியும். அதுவரை தெரியாதவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அவரிடம் நீங்கள் தனியாகப் பேசுங்கள், குழுவில் வைத்துப் பேச வேண்டாம். புதியவரை நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது என்றால் பழையவருக்கும் அதே நியாயம்தான். 'நீங்கள் மனம் நோகப் பேசினீர்கள்' என்று தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். 'அந்தத் தாத்தா ஓய்வுபெற்ற லஸ்கராம், நாம் பாசன வாய்க்கால் என்று போட்டதே தப்பாக இருக்குமோ?' என்று தொடங்கிப் பாருங்கள். வரைபடத்தின் மேல் அத்தனை அக்கறை உள்ளவர், அதைச் சரிசெய்யாமல் தூங்கமாட்டார்.

தேர்வு வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். திறந்த தளத்தில் உங்கள் குழு யாரையும் சேர்க்கவோ தடுக்கவோ முடியாது. தேர்வு வைத்தால் வரப்போகிறவர்கள் கணினி தெரிந்தவர்களே, வாய்க்கால் தெரிந்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். உங்கள் குழுவில் கணினி தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா என்ன?

நடவுக்குப் புதிதாக வருகிற பெண்ணை வரிசையில் எங்கே நிறுத்துவார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஓரத்தில் விடமாட்டார்கள், கைதேர்ந்த இரண்டு பேருக்கு நடுவில் விடுவார்கள். அவள் விட்ட இடைவெளியில் பக்கத்தில் இருப்பவள் இரண்டு நாற்றை ஊன்றிவிட்டுப் பேச்சு மாறாமல் நகர்ந்துவிடுவாள். கட்டாயம் சொல்ல வேண்டியதாக இருந்தால் 'இன்னும் கொஞ்சம் நெருக்கி வை' என்பாள், அவ்வளவுதான். உங்கள் குழுவிலும் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அடுத்துள்ள ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டாளியாகப் போடுங்கள். முதல் சில மாற்றங்களை அவர் மட்டும் பார்க்கட்டும். உலாவியில் தொகுக்கும்போது 'என் மாற்றங்களை யாராவது சரிபார்க்க வேண்டும்' என்று குறிக்க ஒரு சிறு கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்யச் சொல்லுங்கள். அந்தக் குறியுள்ள மாற்றங்களை உங்கள் ஆட்கள் முதலில் எடுத்துப் பார்க்கட்டும். ஒரே தடவையில் ஊர் முழுவதையும் மாற்றாமல் ஒரு வாய்க்கால், ஒரு மதகு என்று சின்னச் சின்னதாகச் சேமிக்கச் சொல்லுங்கள். ஒன்று தப்பினாலும் மற்றதைத் தொடாமல் சரிசெய்யலாம்.

பெயர் விஷயத்திலும் இதே சண்டை வரும், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்பார்கள். ஒருவர் அப்படி மாற்றினால் அழிக்காதீர்கள். அதிகாரப்பூர்வப் பெயர், உள்ளூர்ப் பெயர், மாற்றுப் பெயர் எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனிப் புலம் இருக்கிறது. இரண்டு பேர் சொல்வதையும் வைத்துக்கொள்ள இடமிருக்கும்போது ஒருவரை விரட்டத் தேவையில்லை.

அந்த மாணவியை அழைக்கலாமா என்று கேட்டீர்கள். அழைக்கலாம். ஆனால் நீங்கள் எழுதக் கூடாது, மூத்தவர்தான் எழுத வேண்டும். அதே சேஞ்ச்செட்டின் கீழ், எல்லோரும் பார்க்கிற இடத்தில். எழுதுவதற்கு முன்னால் அவருடைய மாற்றத்தைத் திரும்பப் போட்டுவிட வேண்டும், ரோட்டை ஒட்டாமல் தனியாக்கிவிட வேண்டும். அதன்பின் மூன்று வரி போதும்: 'உங்கள் மாற்றத்தை முழுவதும் நீக்கியது என் தவறு. உள்ளூர் அறிவு இங்கே ஏற்கத்தக்க ஆதாரம். வாய்க்காலை நீங்கள் திருத்தியபடியே மறுபடியும் போட்டுவிட்டேன்.' இதற்குமேல் விளக்கம் வேண்டாம். 'ஆனால் நீங்களும்' என்று ஒரு வரி சேர்ந்தால் மூன்று வரியும் வீண். உடனே திரும்பி வாருங்கள் என்று வற்புறுத்தவும் வேண்டாம். கல்லூரியில் படிக்கிற பெண், பரீட்சை இருக்கும், மனசு இருக்கும், அவர் முடிவு செய்யட்டும். வராமலே போனாலும் வாய்க்கால் சரியாக இருக்கும். அந்தப் பதிலை அடுத்து வருகிறவர்களும் படிப்பார்கள்.

அவர் வந்தால், வரைகிற வேலையை உடனே தலையில் கட்டாதீர்கள். கோடைக்காலத்தில் வாய்க்கால் வறண்டு தரை தெரியும், மதகு, மடை, குழாய்ப் பாலம் எல்லாம் நடந்து பார்க்கலாம். அந்த நாளில் குழுவிலிருந்து இரண்டு பேர், அந்தப் பெண்ணின் வீட்டாரிடம் முன்னதாகச் சொல்லிவிட்டு, தாத்தாவைப் பார்த்து வாருங்கள். மூத்தவரும் போகட்டும். உங்கள் வரைபடத்தின் அந்தப் பகுதியைப் பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு போங்கள், கூடவே ஒரு சிவப்புப் பேனா. போனில் காட்டினால் அவர் கண்ணுக்குத் தெரியாது.